ஜூலை வெயிலில் கிரீஸ் மலைப்பாதை: கேட்டை மூடுறதுதான் நியாயம்

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

என்கூட காலேஜ்ல படிச்ச நண்பன் இப்போ ஜெர்மனியில் இருக்கான். போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். "மச்சான், ஜூலை கடைசியில ஃபேமிலியோட கிரீஸ் போறோம், கிரீட் தீவு. அங்க சமாரியான்னு ஒரு பெரிய பள்ளத்தாக்கு. 16 கிலோமீட்டர் நடை, முழுக்க இறக்கம்தான். அப்பாவும் வர்றார், அவர்தான் டெய்லி வாக்கிங் போறாரே. ஆனா வெயில் ஜாஸ்தின்னா கேட்டையே மூடிடுவாங்களாம். நம்ம ஊரு வெயில்ல வளர்ந்தவனுக்கு அதெல்லாம் ஒரு வெயிலாடா? ரூம் போட்டு, டிக்கெட் போட்டு இவ்வளவு தூரம் வர்றவனைத் திருப்பி அனுப்புறது என்ன நியாயம்?"

"மூடுறதுதான்டா நியாயம்"னு ஒரே வரி பதில் போட்டேன். அவன் கோபப்பட்டான். அவனுக்கு எழுத ஆரம்பிச்ச விளக்கம்தான் இது. ஐரோப்பாவில் இருக்கும் நம்ம மக்கள் நிறையப் பேர் கோடை லீவுக்கு அந்தப் பக்கம்தான் போறாங்க என்பதால் பொதுவிலேயே போடுறேன்.

முதல்ல அந்த "முழுக்க இறக்கம்தான்" விஷயத்துக்கு வர்றேன்.

நமக்குத் தெரிஞ்ச மலையேற்றத்தில் காலையில் தெம்பா இருக்கும்போது ஏறுவோம், களைச்ச பிறகு இறங்குவோம். மத்தியத் தரைக்கடல் ஓரத்துப் பாதைகள் பல இதுக்கு நேர் எதிர். ஊரும் பஸ் ஸ்டாப்பும் மேலே இருக்கும். கடற்கரை கீழே இருக்கும். காலை 9 மணிக்கு ஜாலியா இறங்குவீங்க. குளிப்பீங்க, சாப்பிடுவீங்க, ஒரு பீரும் போகும். 2 மணிக்கு மேல கிளம்பி, சூடேறிப்போன பாறையில் ஏறணும். அன்றைய நாளின் கஷ்டமான வேலை, அன்றைய நாளின் மோசமான நேரத்தில் வந்து நிக்கும்.

பிரான்ஸில் மார்செய் நகரத்தை ஒட்டி கலாங்க் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கு. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடம், பார்க்க அவ்வளவு அழகு. சிட்டி பஸ் பிடிச்சு லுமினி யூனிவர்சிட்டி வளாகத்தில் இறங்கினால், ஒரு மணி நேரத்துக்குள் நடந்து சூஜித்தோன் கடற்குடாவுக்குப் போயிடலாம். சிட்டி பஸ்ல போற இடம்தானே என்று ரப்பர் செருப்போட, அரை லிட்டர் பாட்டிலோட போறவங்கதான் ஜாஸ்தி. குடிதண்ணீர்க் குழாய் உள்ளே எங்கேயும் கிடையாது.

தண்ணி ஏன் இல்லை? சுண்ணாம்புப் பாறை முழுக்க வெடிப்பும் பொந்தும். பெய்கிற மழை உள்ளே இறங்கிடும், மேலே ஓடை நிக்காது. மழையும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். மேப்பில் நீலக் கோடாகத் தெரியும் ஓடை ஜூலையில் வெறும் கூழாங்கல். மேப்பை நம்பித் தண்ணி குறைவா எடுத்துட்டுப் போறது அங்கே பெரிய தப்பு.

நிழலும் இல்லை. மரம் இருந்தாலும் அங்கங்கேதான். மிச்சமெல்லாம் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு முள்ளும் வாசனையுமான புதர். தைம், ரோஸ்மேரி, சேஜ் மாதிரிச் செடிகள். அந்த வாசனைக்குக் காரணமான எண்ணெய்தான் நெருப்புப் பிடிச்சா கடகடவென்று எரியவும் காரணம். தலைக்கு மேல வெயில், வெள்ளைப் பாறையில் பட்டுத் திரும்பி முகத்துக்கும் வெயில்.

இதில் நம்மளை ஏமாத்துறது இன்னொன்று: காற்று. சென்னையில் நடந்தா சட்டை நனைஞ்சு ஒட்டிக்கும், 'ஐயோ வேர்க்குது' என்று உடனே தெரியும். அங்கே கோடைக் காற்று உலர்ந்தது. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாது. கூடவே கடல் காற்று வேறு. "அவ்வளவா வேர்க்கலையே" என்று நினைச்சுக்கிட்டே மணிக்கு ஒரு லிட்டர் தண்ணியை இழந்துக்கிட்டு இருப்பீங்க. தொப்பியைக் கழட்டினா ஓரத்தில் வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், அதுதான் சாட்சி.

கொஞ்சம் பிசியாலஜி. பயப்படாதீங்க, சுருக்கமாத்தான்.

மேடு ஏறும்போது நாம சாப்பிட்ட சாப்பாட்டின் சக்தியில் பெரும்பகுதி நடைக்குப் போறதில்லை, சூடாகத்தான் மாறுது. வேகமா மலை ஏறும் ஆளின் உடம்பு மணிக்கு 500 கிலோ கலோரி அளவுக்குக்கூடச் சூட்டை உண்டாக்கும். காற்று குளிர்ந்திருந்தா தோல் வழியா அது தானாக வெளியே போகும். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வெளியே 38, 40 என்று போயிட்டா அந்த வழி அடைபட்டுப் போச்சு. சூடு வெளியிலிருந்து உள்ளே வர ஆரம்பிச்சிடும். மிச்சம் இருக்கும் ஒரே வழி வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை முழுசாக் காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும். ஆக மணிக்கு ஒரு லிட்டர். அரை லிட்டர் பாட்டிலோட போனவர் எங்கே நிக்கிறார்னு நீங்களே பார்த்துக்கோங்க.

தண்ணி குறையக் குறைய ரத்தத்தின் அளவு குறையும். இருக்கிற ரத்தத்தைத் தசையும் கேட்கும், தோலும் கேட்கும். தோலுக்குப் போற பங்கு குறைஞ்சதும் உடம்புக்குள் சூடு ஏறும். 40 டிகிரியைத் தாண்டி, கூடவே மூளையும் குழம்பிப்போனால் அதுக்குப் பேர்தான் ஹீட் ஸ்ட்ரோக்.

"வேர்க்குது, அதனால ஹீட் ஸ்ட்ரோக் இல்லை" என்று சிலர் சொல்வாங்க. தப்பு. வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கும் வயசானவங்களுக்கு வரும் வகையில்தான் பெரும்பாலும் தோல் காய்ந்திருக்கும். நடந்து, ஓடி, உழைச்சு வரும் வகையில் ஆள் தொப்பலா வேர்த்துக்கிட்டே விழுவார்.

இப்போ "நம்ம ஊரு வெயில்ல வளர்ந்தவன்" வசனம். இதை கேஷுவாலிட்டியில் ஒவ்வொரு ஏப்ரல், மே மாசமும் கேட்கிறேன், பெரும்பாலும் டிரிப் ஏறிக்கிட்டு இருக்கிறவர் வாயிலிருந்து.

உடம்பு வெயிலுக்குப் பழகும், உண்மைதான். 7 முதல் 14 நாள், தினமும் வெயிலில் உழைச்சா பழகும். வேர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்புக் குறையும். ஆனா வெயிலை விட்டு விலகினா சில வாரத்தில் அந்தப் பழக்கம் போயிடும். அது பிறந்த ஊர்ல வர்ற பரம்பரைச் சொத்து கிடையாது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஏசி ஆபீஸ்ல 8 வருஷமா உட்கார்ந்திருக்கும் தூத்துக்குடிக்காரன் உடம்பு, ஃப்ராங்க்ஃபர்ட் உடம்புதான். சொல்லப்போனா இங்கேயே ஏசி கார், ஏசி ஆபீஸ், ஏசி பெட்ரூம்னு இருக்கிறவங்களும் அந்த லிஸ்ட்தான்.

இதையெல்லாம் தெரிஞ்சவங்களுக்குமே நடக்கும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு.

மைக்கேல் மோஸ்லி. பேர் தெரியலைன்னாலும் அவரோட 5:2 டயட்டைக் கேள்விப்பட்டிருப்பீங்க. வாரத்தில் 5 நாள் வழக்கமான சாப்பாடு, 2 நாள் மிகக் குறைவா. இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் உலகம் முழுக்கப் பரவினதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவம் படிச்சவர், பிபிசி டிவி, ரேடியோ வழியா ஆரோக்கியம் பற்றி வருஷக்கணக்கா மக்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தவர்.

2024 ஜூன் 5. கிரீஸின் சிமி தீவு. அவருக்கு வயசு 67. மதியம் கடற்கரையிலிருந்து தனியா நடந்தே கிளம்பினார். கையில் குடை இருந்தது. போன் இல்லை. பேடி என்ற சின்ன ஊரைத் தாண்டினது கேமராவில் தெரியுது. அதுக்கப்புறம் பாறை மேட்டு வழி. 4 நாள் தேடலுக்குப் பிறகு, ஜூன் 9 அன்று, அகியா மரினா என்ற கடற்கரைக்குப் பக்கத்தில் உடல் கிடைச்சது. ஆட்கள் வந்து போகும் இடத்துக்கு மிகப் பக்கத்தில்.

சாவுக்குக் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியலை என்றுதான் பிரிட்டன் விசாரணை முடிஞ்சது. ஹீட் ஸ்ட்ரோக்காகவோ, கண்டுபிடிக்க முடியாத வேறு நோயாகவோ இருந்திருக்கலாம் என்று விசாரணை அதிகாரி சொன்னார். அதனால நானும் அதுக்கு மேல சொல்ல மாட்டேன். ஆனா அந்த மாசம் கிரீஸில் என்ன நடந்துக்கிட்டு இருந்தது? ஜூன் நடுவிலேயே 40 டிகிரியைத் தாண்டின வெப்ப அலை. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றையே மதியத்திலிருந்து மாலை 5 மணி வரை மூடினாங்க. அதே மாசத்தில் சாமோஸ், மாத்ராகி, அமோர்கோஸ் தீவுகளிலும் நடக்கப் போன வெளிநாட்டுப் பயணிகள் காணாமல் போனாங்க. சிலர் உடலாகத்தான் கிடைச்சாங்க.

அந்தச் சமயத்தில் சோஷியல் மீடியாவில் வந்த கமென்ட் எல்லாம் படிச்சேன். "இந்த வயசுல இந்த வெயில்ல எதுக்குப் போகணும்?" "கொஞ்சம்கூட காமன்சென்ஸ் இல்லையா?" "முடியலைன்னா திரும்பியிருக்க வேண்டியதுதானே?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன்.

திரும்பணும் என்று யார் முடிவெடுப்பாங்க? மூளை. வெயிலில் முதலில் தடுமாறும் உறுப்பு எது? அதே மூளை.

கால் உடைஞ்சா, நெஞ்சு வலிச்சா ஆளுக்குத் தெரியும். ஹீட் ஸ்ட்ரோக் அப்படி வராது. முதல்ல கொஞ்சம் எரிச்சல், சின்னப் பிடிவாதம். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்ற நினைப்பு. அப்புறம் வழி குழம்பும். கூட வந்தவர் "உட்காருங்க"ன்னா சண்டைக்கு வருவார். குடிச்சிருக்கார் என்று கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு வரப்பட்ட ஆளை நான் பார்த்திருக்கேன். ஒரு சொட்டு சாராயம் தொடாத கொத்தனார். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டிக்கிட்டே கொண்டுவந்து போட்டார். டெம்பரேச்சர் 41-க்கு மேல.

தன் புத்தி மங்கிக்கிட்டு இருக்கு என்பதைக் கண்டுபிடிக்க அதே புத்திதான் வேணும். அது இல்லாத நேரத்தில் "தனிமனிதப் பொறுப்பு" என்று பேசுறது எனக்குப் புரியலை. அந்த முடிவை மலை மேல எடுக்க முடியாது. நிழலில் உட்கார்ந்திருக்கும், தலை குளிர்ந்திருக்கும் இன்னொருத்தர், முதல் நாள் சாயங்காலமே எடுக்கணும். அவர்தான் கேட்டை மூடுறவர்.

சமாரியாவை எடுத்துக்கோங்க. கிரீட்டின் வெள்ளை மலைகளில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், ஸிலோஸ்காலோ என்ற இடத்தில் வாசல். அங்கிருந்து 13 கிலோமீட்டர் தேசியப் பூங்காவுக்குள் இறங்கணும், அப்புறம் 3 கிலோமீட்டர் போனா லிபியக் கடல், அகியா ரூமெலி கிராமம். வழியில் 'கதவுகள்' என்று சொல்ற இடத்தில் பள்ளத்தாக்கு சுமார் 4 மீட்டருக்குக் குறுகிடும், இரண்டு பக்கமும் சுமார் 300 மீட்டர் பாறைச் சுவர். அந்தக் கிராமத்துக்கு ரோடு கிடையாது. சாயங்காலப் படகைப் பிடிச்சுத்தான் வெளியே போகணும்.

மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பாங்க. மழை, கடும் வெயில் என்றால் அந்த நாட்களிலும் மூடிடுவாங்க. உள்ளே ஊற்றுத் தண்ணி இருக்கு, காவலர்கள் இருக்காங்க, நடக்க முடியாமல் போனவரைத் தூக்கிட்டு வரக் கோவேறு கழுதை இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன ஏற்பாடு. டிக்கெட்டைத் தூக்கிப் போடாம வெளியே போகும் வாசலில் காட்டணும். உள்ளே போனவங்க எல்லாரும் வெளியே வந்தாச்சா என்று கணக்குப் பார்க்கத்தான். ஆபரேஷன் முடிச்சுத் தையல் போடுறதுக்கு முன்னாடி நாங்க பஞ்சு எண்ணுற மாதிரி. யாரோ ஒருத்தர் எண்ணுறார் என்பதே பாதிப் பாதுகாப்பு.

மார்செய்யில் காரணம் வேறு, முறை இன்னும் சுத்தம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, காட்டுத்தீ அபாயத்தை வச்சு, நாளைக்கு எந்த மலைப்பகுதி திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று முதல் நாளே நிறம் போட்டு அறிவிச்சிடுவாங்க. சிவப்பு என்றால் போகக்கூடாது, அவ்வளவுதான். 2018 குரங்கணியை நினைவில் வச்சிருக்கிறவங்களுக்கு இதன் அருமை புரியும். அப்புறம் அந்த சூஜித்தோன் குடாவுக்கு 2022-லிருந்து கோடையில் முன்பதிவு இல்லாமல் போக முடியாது. ஒரு நாளைக்கு 400 பேர். முன்னாடி உச்ச நாட்களில் 2,500 பேர் வரை போனாங்களாம். இது மண் அரிப்புக்காகக் கொண்டுவந்த விதி. பைன் மர வேரெல்லாம் வெளியே தெரிய ஆரம்பிச்சிருந்தது. முன்பதிவுக்குக் காசு கிடையாது என்பது முக்கியம். காசு வச்சிருந்தா பணக்காரன் மட்டும் போவான், இப்போ முந்துறவன் போறான்.

கார்சிகா தீவின் ஜிஆர் 20 பாதை கேள்விப்பட்டிருக்கலாம். சுமார் 180 கிலோமீட்டர், ஐரோப்பாவில் ரொம்பக் கஷ்டமான நெடும்பாதைகளில் ஒன்று. அதில் சங்கிலியைப் பிடிச்சு இறங்கி ஏறும் ஒரு பாறைப் பகுதி, பேரே 'தனிமையின் பள்ளம்' என்ற மாதிரி வரும். அந்தப் பாதையின் மகுடம் என்று சொல்வாங்க. 2015 ஜூனில் மழைக்குப் பிறகு அங்கே சரிவு விழுந்து 7 பேர் இறந்தாங்க. அதை மூடி, பாதையை மோன்டே சிந்தோ சிகரத்தின் பக்கமா மாத்தி விட்டாங்க. எவ்வளவு புகழ்பெற்ற இடமா இருந்தாலும் மூடலாம், பாதை சாகாது என்பதற்காகச் சொல்றேன்.

எதிர்வாதம் இல்லாம இல்லை. அதிலும் இரண்டு எனக்கு உறுத்தும்.

ஒன்று, பிழைப்பு. கேட்டை மூடினால் வழிகாட்டி, படகுக்காரர், கீழே சாப்பாட்டுக் கடை வச்சிருக்கும் குடும்பம் எல்லாருக்கும் அன்றைக்கு வருமானம் இல்லை. சின்னத் தீவுகளில் 4, 5 மாச வருமானத்தில்தான் வருஷம் ஓடணும். இதுக்கு என்கிட்ட முழுப் பதில் கிடையாது. ஏப்ரல், மே, அக்டோபரில் ஆட்களை வரவைக்கிறதுதான் வழி என்று நினைக்கிறேன். அதுக்கு விமானக் கம்பெனியும் பள்ளிக்கூட லீவும் ஒத்துழைக்கணும்.

இரண்டாவது இன்னும் சிக்கல். பெரிய பாதையை மூடினால் அன்றைக்கு நடக்கணும்னு வந்த ஆள் சும்மா ரூமில் இருக்க மாட்டார். கேட்டே இல்லாத பக்கத்துப் பாதைக்குப் போவார். அங்கே காவலரும் இல்லை, ஊற்றும் இல்லை, டிக்கெட் எண்ணுற ஆளும் இல்லை. மோஸ்லி நடந்ததும் எந்த கேட்டும் இல்லாத ஊர்ப் பாதையில்தான். கிரீஸின் தீவுகளில் இப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாதை கிடக்கு, எல்லாத்துக்கும் கேட் போட முடியாது.

அந்தப் பாதைகளுக்கு என்ன செய்யலாம்? போர்டை மாத்தலாம். இப்போ எந்தப் பாதைத் தொடக்கத்திலும் இருக்கிற போர்டில் பொதுவா இரண்டு விஷயம்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம். ஏப்ரலில் 2 மணி நேரப் பாதையும் ஜூலை மதியம் 2 மணி நேரப் பாதையும் ஒன்றா? எழுத வேண்டியது, "கோடையில் காலை இத்தனை மணிக்கு மேல் இதில் இறங்காதீர்கள். திரும்பி ஏறும்போது நிழல் கிடையாது. தண்ணீர் கிடையாது." இந்த மூன்று வரிக்குப் பெயிண்ட் செலவு மட்டும்தான்.

வேடிக்கை என்னன்னா, இந்தப் பாதைகளைப் போட்டவங்களுக்கு இது நல்லாவே தெரியும். கிரீஸில் கல்டெரிமி என்று சொல்ற கல் பாவிய பாதைகள், கோவேறு கழுதையும் விவசாயியும் போறதுக்காகப் போட்டவை. அவங்க விடியக் கருக்கலில் ஆலிவ் தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறுறதுக்குள் திரும்பினவங்க. நம்ம ஊர்ல வயலுக்குப் போறவங்க மாதிரியேதான். இன்றைக்கும் அங்கே கோடை மதியத்தில் ஊர் கதவைச் சாத்திடும், அந்நேரம் சத்தம் போடக்கூடாது என்று விதியே இருக்கு. இடையர்கள் கோடையில் ஆட்டை ஓட்டிக்கிட்டு உயரத்துக்குப் போயிடுவாங்க. அவங்க பாதையை எடுத்துக்கிட்டோம், அவங்க நேரத்தை விட்டுட்டோம்.

சரி, போறவங்களுக்கு டாக்டரா நான் சொல்றது.

முதல்ல மாசத்தை மாத்துங்க. ஏப்ரல், மே. இல்லைன்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர். முடியாது, ஜூலைதான் என்றால் விடியும்போது கிளம்பி 10, 11 மணிக்குள் முடியும் நடை மட்டும். கடற்கரைக்கு இறங்கும் பாதையா? திரும்ப ஏறாமல் படகு, டாக்சி ஏதாவது இருக்கா என்று முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க. போன நாலாவது நாள் நடக்கிறதை முதல் நாளே நடக்காதீங்க. தனியாப் போகாதீங்க. போன், சார்ஜ், எங்கே போறேன் என்று ஹோட்டல்ல ஒரு வார்த்தை.

தண்ணி மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் கணக்கு. வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா மணிக்கணக்கில் குடிக்கிறதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். ஊர்லருந்து நாலு ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துட்டுப் போங்க. ஐரோப்பாவுக்கு நாம கொண்டுபோறதில் ஊறுகாய்க்கு அடுத்து உருப்படியான பொருள் அதுதான். சாப்பாடும் உப்பும் வழியில் வேணும்.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. வயசானா தாகமே சரியாத் தெரியாது. நீர் பிரிய வைக்கும் பிபி மாத்திரை, இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேத்தும் புது வகை மாத்திரை, சில மனநல மருந்துகள், சளிக்குப் போடும் பழைய அலர்ஜி மாத்திரை, இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் வெயிலைச் சமாளிக்கும் வழியைக் கெடுக்கும். நீண்ட நாள் சர்க்கரை இருந்தா வேர்க்கிற நரம்பே மந்தமாகியிருக்கும். நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி உங்க டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்க.

இன்னொன்று, இதை யாரும் சொல்றதில்லை. 13 கிலோமீட்டர் இறக்கம் இறங்கினா முட்டி கழண்டுடும். அன்றைக்கு ராத்திரி நம்ம ஆட்கள் கைப்பையில் தயாரா ஒரு வலி மாத்திரை வச்சிருப்பாங்க, டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ. தண்ணி வத்தின உடம்பு, உள்ளே பிபி மாத்திரை, மேல இந்த வலி மாத்திரை. மூணும் சேர்ந்தா கிட்னி அடிவாங்கும். ஊர் சுத்திப் பார்த்துட்டு வந்து கிரியாட்டினின் ஏறி நிக்கிற கேஸ் இப்படித்தான் உருவாகுது.

கூட வந்தவர் பேச்சு குழறுது, நடை தள்ளாடுது, சம்பந்தமில்லாமல் கோபப்படுறார் என்றால் அதை ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கோங்க. 112-க்குப் போன் பண்ணுங்க, ஐரோப்பிய யூனியன் முழுக்க அதே நம்பர்தான். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. முதல் அரை மணி நேரத்தில் சூட்டை இறக்குறதுதான் உயிரைக் காப்பாத்தும். நிழல், துணியைத் தளர்த்தி, இருக்கிற தண்ணியையெல்லாம் உடம்பில் ஊத்தி, தொப்பியோ துண்டோ வச்சு விடாம விசிறுங்க. காற்று உலர்ந்த இடம் என்பதால் அங்கே இது நல்லா வேலை செய்யும், நம்ம கடலோரப் புழுக்கத்தைவிட. ஐஸ் கிடைச்சா கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைவு தெளிவா இல்லாதவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க, புரையேறும். பாராசிட்டமால் கொடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்லை, அதுக்கு அடங்காது.

கேட் மூடியிருந்தா வருத்தமாத்தான் இருக்கும். காசு போச்சு, லீவு போச்சு, பசங்க முகம் வாடிடும். எல்லாம் சரி. அந்தக் காவலர்கிட்ட மட்டும் சண்டை போடாதீங்க. சுற்றுலாப் பயணிகளிடம் திட்டு வாங்குறது அவர் வேலையில் பாதி. ராத்திரி ஒன்பது மணிக்கு விசிட்டர் டைம் முடிஞ்சதுன்னு வார்டு கதவைச் சாத்துற எங்க வாட்ச்மேன் அண்ணனை நினைச்சுக்கிறேன்.

நண்பன் விஷயம். ரெண்டு நாள் பேசலை. நேற்று மெசேஜ் வந்தது. அக்டோபர் ஸ்கூல் லீவுக்கு மாத்திட்டானாம், ஹோட்டல்காரர் அதே காசில் தேதி மாத்திக் கொடுத்தாராம். அப்பா சாப்பிடுற மாத்திரைச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். இன்னும் வரலை.